பெண்ணியப் பங்கேற்புச் செயலாய்வு (குவாத்தமாலா)

பெண்ணியப் பங்கேற்புச் செயலாய்வு என்பது, ஆய்வுக்கு உட்படும் மக்களையே ஆய்வாளர்களாக ஏற்று, அவர்களுடன் இணைந்து அறிவை உருவாக்கி, அவ்வறிவின் துணையோடு அவர்களது நிலையை மாற்ற முயலும் ஓர் ஆய்வு முறையியல் ஆகும். ஆண் பெண் சமத்துவமின்மை, இனம், வர்க்கம், மொழி ஆகியவற்றால் விளையும் அதிகார வேறுபாடுகளை ஆய்வின் நடுவில் வைத்துப் பார்ப்பது இதனைப் பிற பங்கேற்பு ஆய்வுகளில் இருந்து வேறுபடுத்துகிறது. போர், இனப்படுகொலை, பாலியல் வன்முறை முதலிய மனித உரிமை மீறல்களில் இருந்து உயிர் தப்பிய பெண்களுடன் பணியாற்ற இம்முறையியல் பயன்படுத்தப்பட்டு வருகிறது.

இவ்வகை ஆய்வுகளுள் நன்கு ஆவணப்படுத்தப்பட்டது நடு அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் மாயாப் பழங்குடிப் பெண்களுடன் 1990களில் இருந்து நடைபெற்ற பணியாகும். சமூக உளவியலாளர் எம். பிரிண்டன் லைக்ஸ், பெண்ணிய ஆய்வாளர் அலிசன் கிராஸ்பி ஆகியோரும், குவாத்தமாலாவின் பெண்கள் அமைப்புகளும் உளவியல் அமைப்புகளும், எல்லாவற்றுக்கும் மேலாக மாயாப் பெண்களும் இதில் பங்கு கொண்டனர். இக்கட்டுரை இம்முறையியலின் தோற்றத்தையும், குவாத்தமாலாவில் அது செயற்பட்ட விதத்தையும், அது எதிர்கொண்ட சிக்கல்களையும் விளக்குகிறது.

முறையியலின் தோற்றம்

செயலாய்வு என்ற கருத்துருவை உளவியலாளர் கர்ட் லெவின் 1940களில் முன்வைத்தார். திட்டமிடல், செயற்படல், விளைவைக் கவனித்தல், மீண்டும் சிந்தித்தல் என்ற படிகள் சுழற்சியாகத் தொடர வேண்டும் என்பது அவரது கருத்து. ஒரு சமூகச் சிக்கலை வெளியே நின்று அளப்பதைக் காட்டிலும், அதை மாற்ற முயலும்போதே அதனை நன்கு அறிய முடியும் என்று அவர் கருதினார்.

இலத்தீன் அமெரிக்காவில் இக்கருத்து வேறொரு திசையில் வளர்ந்தது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரையரி, எழுத்தறிவற்ற உழவர்களும் தம் வாழ்வைப் பற்றிய அறிவை உடையவர்கள் என்றும், கல்வி என்பது அவ்வறிவில் இருந்து தொடங்கும் உரையாடலாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். கொலம்பிய சமூகவியலாளர் ஒர்லாண்டோ பால்ஸ் போர்டா பங்கேற்புச் செயலாய்வை ஒரு முறையியலாக வளர்த்தெடுத்தார். இத்துறையின் முக்கிய பன்னாட்டு மாநாடு ஒன்று 1977 ஆம் ஆண்டு கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் நடைபெற்றது.

எல் சல்வடோரில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியும் உளவியலாளருமான இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, "விடுதலை உளவியல்" என்ற அணுகுமுறையை முன்வைத்தார். போரினால் ஏற்படும் மனக்காயம் தனி மனிதரின் மனதுக்குள் மட்டும் இருப்பதன்று. மனிதருக்கும் சமூகத்துக்கும் இடையேயான உறவில் ஏற்படும் காயம் அது என்பது அவரது விளக்கம். எனவே, சமூக உறவுகள் மாறாமல் தனி மருத்துவத்தால் மட்டும் அதனை ஆற்ற இயலாது. 1989 நவம்பர் 16 அன்று, பிற துறவியர் ஐவருடனும், அவர்களது வீட்டுப் பணிப்பெண்ணுடனும், அப்பெண்ணின் மகளுடனும் சேர்த்து மார்ட்டின்-பாரோவை அந்நாட்டு இராணுவத்தினர் சுட்டுக் கொன்றனர். அவரது எழுத்துக்களின் ஆங்கிலத் தொகுப்பு 1994 இல் வெளியானது.

பெண்ணியத்தின் பங்களிப்பு

தொடக்ககாலப் பங்கேற்பு ஆய்வுகள் "மக்கள்", "சமூகம்", "உழவர்" என்று பொதுவாகப் பேசின. நடைமுறையில் ஊர்க் கூட்டங்களில் பேசியவர்களும் முடிவெடுத்தவர்களும் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தனர். பட்ரீசியா மக்வயர் 1987 இல் வெளியிட்ட நூல் இக்குறையை எடுத்துக்காட்டி, பங்கேற்பு ஆய்வுக்கு ஒரு பெண்ணியச் சட்டகத்தை முன்வைத்தது.

பெண்ணியச் சிந்தனை இம்முறையியலுக்கு அளித்த முக்கிய கருத்துக்கள் பின்வருமாறு:

1. அறிவு எப்போதும் ஓர் இடத்தில் நின்று பார்க்கப்படுவது. எங்கிருந்தும் பாராத பார்வை என்று ஒன்றில்லை. டோனா ஹாரவே 1988 இல் எழுதிய கட்டுரை இக்கருத்தை விளக்குகிறது.

2. "மூன்றாம் உலகப் பெண்" என்று ஒரே மாதிரியான, எப்போதும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணை மேலைநாட்டு ஆய்வு உருவாக்கி வைத்துள்ளது என்பது சந்திரா தல்பாடே மொகந்தி 1980களில் முன்வைத்த விமர்சனம்.

3. ஆய்வாளரின் நிறம், வகுப்பு, நாடு, கல்வி ஆகியன ஆய்வின் பகுதியே. அவற்றை மறைக்காமல் ஆய்வின் பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. வீடு, உடல், உழைப்பு போன்று "தனிப்பட்டவை" எனக் கருதப்படுபவையும் அரசியல் சார்ந்தவையே.

குவாத்தமாலாவின் பின்னணி

குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடைபெற்றது. 1996 டிசம்பர் 29 அன்று இறுதி அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவுடன் அமைந்த வரலாற்றுத் தெளிவுபடுத்தல் ஆணைக்குழு தன் அறிக்கையை 1999 பெப்ரவரியில் வெளியிட்டது. அவ்வறிக்கையின் முக்கிய முடிவுகள்:

- 2,00,000 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என்று மதிப்பிடப்பட்டது.
- அடையாளம் காணப்பட்ட பாதிக்கப்பட்டோரில் 83% மாயா இனத்தவர்.
- பதிவான மீறல்களில் 93% அரச படைகளாலும் அவற்றுடன் இணைந்த துணைப்படைகளாலும் செய்யப்பட்டவை.
- 626 படுகொலை நிகழ்வுகளுக்கு அரச தரப்பே பொறுப்பு.
- 1981 முதல் 1983 வரை நாட்டின் நான்கு பகுதிகளில் மாயா மக்களுக்கு எதிராக இனப்படுகொலைச் செயல்கள் நிகழ்ந்தன. இஷில் மக்கள் வாழும் பகுதி அவற்றுள் ஒன்று.

நேரடியாகப் பாதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் பெண்கள் என்றும், பாலியல் வன்முறை பரவலாகவும் திட்டமிட்டும் மேற்கொள்ளப்பட்டது என்றும் ஆணைக்குழு கண்டறிந்தது. எனினும் பெண்களில் பெரும்பாலோர் தம் சான்றுரைகளில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்ததைப் பற்றியே பேசினர். தம் உடல் மீது நிகழ்ந்த வன்முறையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அவ்வாறு பேசிய பெண் ஊரில் "படையினரின் பெண்" என்று இழிவாகப் பேசப்படும் நிலை இருந்தது. குற்றம் செய்தவரும் பல இடங்களில் அதே ஊரிலேயே வாழ்ந்து வந்தார். ஆண்களைக் கட்டாயப்படுத்திச் சேர்த்து இராணுவம் உருவாக்கிய குடிமக்கள் ரோந்துப் படைகளே இதற்கு முக்கிய காரணம்.

பேசுவது ஆபத்து என்பதற்கு வேறு சான்றுகளும் இருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்று நினைவு மீட்புத் திட்டத்தின் அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்தி, இரண்டு நாட்கள் கழித்து அடித்துக் கொல்லப்பட்டார்.

சஹூல் ஒளிப்படத் திட்டம்

எல் கிச்சே மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள சஹூல், நெபாஹ், கோட்சால் ஆகிய மூன்று நகராட்சிகளும் இஷில் மக்களின் வாழ்விடமாகும். போரின் மிகக் கொடிய தாக்குதல்களுக்கு உள்ளான பகுதிகளில் இதுவும் ஒன்று. சஹூல் பெண்கள் சிலர் கூடி மாயா இஷில் பெண்கள் சங்கத்தை அமைத்தனர். லைக்ஸ் 1990களின் தொடக்கத்தில் இருந்து அவர்களுடன் பணியாற்றி வந்தார். மாவு அரைக்கும் ஆலை, சுழல் கடன் நிதி, சிறுவர்களுக்கான கல்வித் திட்டம் போன்ற அன்றாடத் தேவைகளை ஒட்டியே அச்சங்கத்தின் வேலைகள் அமைந்தன. போரைப் பற்றிய பேச்சு, இவ்வேலைகளின் ஊடே உருவான நம்பிக்கையின் மீதுதான் தொடங்கியது.

1990களின் பிற்பகுதியில் சங்கத்தின் 20 பெண்கள் ஓர் ஒளிப்படத் திட்டத்தை மேற்கொண்டனர். இதற்கு முன்மாதிரியாக இருந்தது கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களுடன் உருவாக்கிய "ஒளிப்படக் குரல்" என்னும் முறையாகும். ஆய்வாளர் படம் எடுப்பதற்குப் பதிலாக, பெண்களிடமே கருவி கொடுக்கப்படுகிறது. எதனைப் படம் எடுப்பது, எது முக்கியம் என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர்.

சஹூலில் இம்முறை பின்வரும் படிகளில் அமைந்தது:

1. பெண்கள் தம் ஊரிலும் அண்டைச் சிற்றூர்களிலும் படங்கள் எடுத்தனர்.
2. படத்தில் இடம்பெற்றோரைச் சந்தித்து அவர்களது கதைகளைக் கேட்டனர்.
3. சிறு குழுக்களாக அமர்ந்து, ஒத்த படங்களைச் சேர்த்தும் வேறுபட்டவற்றைப் பிரித்தும் ஆய்ந்தனர்.
4. ஒவ்வொரு குழுவின் விளக்கத்தையும் முழுக் குழுவின் முன் வைத்து விவாதித்தனர்.
5. தேர்ந்தெடுத்த படங்களுக்கு உரிய உரைகளைச் சேர்ந்து எழுதினர்.

பங்கேற்ற பெண்கள் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். பலருக்கு எசுப்பானிய மொழியில் சரளமாகப் பேச வராது. எழுத்தை மட்டும் நம்பிய ஆய்வில் இவர்கள் "தகவல் தருவோர்" என்ற அளவிலேயே நின்றிருப்பர். படம் நடுவில் வந்தபோது, அதனைப் பார்த்துத் தம் தாய்மொழியில் விவாதித்து விளக்கம் காணும் வேலை அவர்கள் கைக்கு வந்தது. போர் முடிந்த பின் எடுத்த படத்தில் போர் நேரடியாகத் தெரியாது. நெய்து கொண்டிருக்கும் ஒரு பெண்ணையோ ஒரு வீட்டையோ மட்டுமே கருவி பதிவு செய்யும். அப்பெண் ஏன் தனியாக இருக்கிறாள், அவ்வீடு எதன் மேல் மீண்டும் கட்டப்பட்டது என்பவற்றைச் சொல்வது கதை. இவ்வாறு படமும் கதையும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

இதன் விளைவாக "குரல்களும் படிமங்களும்: சஹூலின் மாயா இஷில் பெண்கள்" என்ற பொருள்படும் நூல் 2000 ஆம் ஆண்டு எசுப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் வெளியானது. நூலாசிரியர் பெயரில் திட்டத்தின் பெண்களும் அவர்களது சங்கமும் முதலிலும், லைக்ஸ் அதன் பின்னும் குறிக்கப்பட்டுள்ளனர். அறிவு யாருடையது என்ற கேள்விக்கு இம்முறையியல் தரும் விடையை இவ்வரிசை காட்டுகிறது.

54 பெண்களுடனான ஆய்வு

2003 இல் குவாத்தமாலாவின் பெண்ணியவாதிகளும் சில அமைப்புகளும் சேர்ந்து, போரின்போது பாலியல் வன்முறைக்கு உள்ளான மாயாப் பெண்களுக்குத் துணை நிற்கும் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினர். குவாத்தமாலாப் பெண்கள் தேசிய ஒன்றியமும், சமூக உளவியல் ஆய்வு மற்றும் செயற்பாட்டுக் குழுவும் இதில் முக்கிய பங்கு வகித்தன. கெக்சி, கக்சிக்கேல், மாம், சூஹ் முதலிய மொழிகளைப் பேசும் பெண்கள் தத்தம் பகுதிகளில் சிறு குழுக்களாகக் கூடினர். தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று ஒவ்வொருவரும் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த ஒன்று, அருகில் அமர்ந்திருப்பவருக்கும் நேர்ந்தது என்பது இக்குழுக்களில்தான் தெரிய வந்தது.

இவ்வாறு துணை பெற்ற பெண்களுள் 54 பேருடன் லைக்ஸும் கிராஸ்பியும் பங்காளி அமைப்புகளும் ஒரு நீண்ட பெண்ணியப் பங்கேற்புச் செயலாய்வை மேற்கொண்டனர். நீதி என்றால் என்ன, ஈடுசெய்தல் என்றால் என்ன என்பவற்றை அப்பெண்கள் எவ்வாறு புரிந்து கொள்கின்றனர் என்பதே ஆய்வின் மையக் கேள்வி. இதன் முடிவுகள் 2019 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் தலைப்பு, சீர்செய்ய முடியாத இழப்பு, ஈட்டுத் தொகைக்கு அப்பாற்பட்ட வாழ்வு என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும்.

செயற்படும் விதம்

இவ்வாய்வில் வினாத்தாள்கள் முதன்மையாகப் பயன்படவில்லை. ஆய்வு பெரும்பாலும் பட்டறைகளாக நடைபெற்றது. மாயா மரபின்படி மலர்கள், மெழுகுவர்த்திகள் முதலியவற்றுடன் சடங்கு நடத்திப் பட்டறை தொடங்கப்படும். பின்னர் ஓவியம் வரைதல், படங்களை வெட்டி ஒட்டிப் பொருள் தருதல், உடலால் ஒரு காட்சியைச் சிலை போல அமைத்துக் காட்டுதல், சிறு நாடகம் நடித்தல் போன்றவை இடம்பெறும். உடலால் காட்சி அமைக்கும் முறை, பிரேசில் நாடகவியலாளர் அகுஸ்தோ போவாலின் ஒடுக்கப்பட்டோர் அரங்கில் இருந்து பெறப்பட்டது.

இத்தகைய முறைகளுக்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, சொற்களால் சொல்ல இயலாததை உடலும் படமும் காட்ட முடியும். இரண்டாவது, பெண்கள் எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைத் தாமே முடிவு செய்யலாம். மூன்றாவது, ஒரு குழு சேர்ந்து அமைத்த காட்சி எவர் ஒருவருடைய கதையாகவும் இல்லாமல் குழுவின் கதையாக அமைகிறது. இதனால் தனி ஒருவர் மீது சுமை விழுவது குறைகிறது.

பட்டறை முடிந்ததும் ஆய்வாளர் தாம் விளங்கிக் கொண்டதைத் தொகுத்து, அடுத்த சந்திப்பில் பெண்களிடமே கொண்டு வந்து காட்டுவர். தவறு இருப்பின் பெண்கள் திருத்துவர். உடன்படாதபோது அதுவும் பதிவாகும்.

முதன்மைப் பாத்திரமும் இடையீட்டாளர்களும்

இவ்வாய்வு பெண்களைக் குறிக்கப் "பாதிக்கப்பட்டவர்", "உயிர் தப்பியவர்" ஆகிய இரு சொற்களையும் போதாதவை எனக் கருதியது. இரண்டும் ஒரு பெண்ணின் முழு வாழ்வையும் ஒரு வன்முறை நிகழ்வோடு கட்டிப் போடுகின்றன. எனவே "முதன்மைப் பாத்திரம் வகிப்போர்" என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. நாடகத்தின் முதன்மைப் பாத்திரம் தனியே இயங்குவதில்லை. பிற பாத்திரங்களோடு கொள்ளும் உறவிலேயே அது உருப்பெறுகிறது.

அந்தப் பிற பாத்திரங்களை ஆய்வு "இடையீட்டாளர்" என்று அழைக்கிறது. வழக்கறிஞர், உளவியலாளர், மொழிபெயர்ப்பாளர், பெண்ணியச் செயற்பாட்டாளர், ஆய்வாளர் ஆகியோர் இதில் அடங்குவர். ஒரு கெக்சிப் பெண் சொல்வது எசுப்பானியத்துக்கு மாற்றப்பட்டு, பின் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு நூலாகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று சேர்கிறது, ஏதோ ஒன்று விடுபடுகிறது. ஆகையால் ஒரு மாயாப் பெண்ணின் "தூய குரல்" அப்படியே நூலில் ஒலிக்கிறது என்று இம்முறையியல் உரிமை கோருவதில்லை. பலர் சேர்ந்து உருவாக்கிய அறிவு என்றே அது தன்னை விவரிக்கிறது.

சான்றுரை, உண்மை என்பன பற்றிய விவாதத்துக்கு குவாத்தமாலாவில் ஒரு முன் வரலாறு உண்டு. 1992 இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கிச்சே மாயாப் பெண்ணான ரிகோபெர்த்தா மெஞ்சூவின் வாழ்க்கைச் சான்றுரை 1983 இல் நூலானது. அதில் உள்ள சில நிகழ்வுகளை அவர் நேரில் கண்டிருக்க இயலாது என்று மானிடவியலாளர் டேவிட் ஸ்டோல் 1999 இல் வாதிட்டார். ஒரு சமூகம் முழுவதும் பட்டதை ஒருவர் "நான்" என்று சொல்வது இலத்தீன் அமெரிக்கச் சான்றுரை மரபில் ஏற்கப்பட்ட ஒன்று என்பது மறுதரப்பின் வாதம். குழுவாகச் சேர்ந்து அறிவை உருவாக்கும் பங்கேற்பு ஆய்வுக்கு இவ்விவாதம் நேரடியாகத் தொடர்புடையது.

செப்பூர் சார்க்கோ வழக்கு

54 பெண்களுள் ஒரு பகுதியினர் செப்பூர் சார்க்கோ பகுதியைச் சேர்ந்த கெக்சிப் பெண்கள். இவ்வூர் இசபால், ஆல்தா வெராபாஸ் ஆகிய மாநிலங்களின் எல்லைப் பகுதியில் உள்ளது. தாம் உழுத நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கோரிய ஆண்களை 1982 இல் இராணுவத்தினர் பிடித்துச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. அதன் பின் அவர்களது மனைவியர் முறை வைத்து இராணுவ முகாமுக்கு வருமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அங்கே படையினருக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைக்கப்பட்ட அவர்கள், தொடர்ந்து பாலியல் வன்முறைக்கும் உள்ளாக்கப்பட்டனர். முகாம் 1988 இல் மூடப்பட்டது.

2010 மார்ச்சில் குவாத்தமாலா நகரில் ஒரு மனச்சாட்சித் தீர்ப்பாயம் நடைபெற்றது. இதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. 2000 ஆம் ஆண்டு டோக்கியோவில் சப்பானிய இராணுவத்தின் பாலியல் அடிமை முறை குறித்துப் பெண்கள் நடத்திய தீர்ப்பாயம் போன்ற ஒரு மக்கள் முயற்சி இது. பொதுவெளியில் தம் சொல் கேட்கப்பட்டதும் நம்பப்பட்டதும் பெண்கள் அடுத்த படிக்குச் செல்ல வழி வகுத்தது. 2011 இல் செப்பூர் சார்க்கோவின் 15 பெண்கள் முறைப்படி குற்றவியல் புகார் அளித்தனர். முதுமையும் நோயும் காரணமாக வழக்கு முடியும் வரை அனைவரும் உயிரோடு இருப்பார்களா என்ற அச்சம் இருந்தது. எனவே 2012 செப்டம்பரில் அவர்களது சாட்சியங்கள் முன்கூட்டியே நீதிபதி முன் ஒளிப்பதிவு செய்யப்பட்டன.

வழக்கு விசாரணை 2016 பெப்ரவரி 1 அன்று தொடங்கியது. பெண்கள் தம் வண்ணச் சால்வைகளால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தனர். பெப்ரவரி 26 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. முன்னாள் இராணுவ அதிகாரி எஸ்தீல்மர் ரெயெஸ் ஹிரோனுக்கு 120 ஆண்டுகளும், முன்னாள் இராணுவ ஆணையர் எரிபெர்த்தோ வால்டெஸ் அசிக்குக்கு 240 ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. போர்க்காலப் பாலியல் அடிமை முறைக் குற்றத்தை, அது நடந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த முதல் வழக்கு இதுவென்று கருதப்படுகிறது. நலவாழ்வு மையம், பள்ளி வசதிகள், காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடுதல் உள்ளிட்ட 18 ஈடுசெய் நடவடிக்கைகளுக்கும் நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றுள் பல ஆண்டுகள் கடந்தும் முழுமையாக நிறைவேற்றப்படவில்லை.

இவ்வழக்கு ஆய்வினால் மட்டும் நிகழ்ந்ததன்று. பெண்களின் துணிவும், வழக்கறிஞர், உளவியலாளர் அமைப்புகளின் பல ஆண்டு உழைப்புமே அதன் அடிப்படை. இதன் பின்னர் 2022 சனவரியில் ஆச்சி மாயாப் பெண்கள் தொடுத்த வழக்கில் முன்னாள் ரோந்துப் படையினர் ஐவருக்குத் தலா 30 ஆண்டுகளும், 2025 மே மாதம் மேலும் மூவருக்குத் தலா 40 ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஈடுசெய்தல் பற்றிய கண்டறிவுகள்

குவாத்தமாலா அரசு 2003 இல் தேசிய ஈடுசெய் திட்டத்தை உருவாக்கியது. அதன் கீழ் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு 20,000 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்) வழங்க விதி இருந்தது. பணம் பெறுவதற்கு, தனக்கு நேர்ந்ததை அதிகாரிகளிடம் சொல்லி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஊருக்குத் தெரியாமல் காத்து வந்த செய்தி, இவ்வாறு ஒரு படிவத்தின் வழியே வெளிப்படும் ஆபத்து ஏற்பட்டது.

பட்டறைகளில் பெண்கள் ஈடுசெய்தலைப் பற்றிப் பேசியபோது பல அடுக்குகள் வெளிப்பட்டன. கொல்லப்பட்ட கணவரையோ பிள்ளையையோ எதனாலும் ஈடுசெய்ய இயலாது என்பது அவர்கள் தெளிவாகக் கூறியது. அதே வேளையில் இழந்த நிலம், எரிக்கப்பட்ட வீடு, கொல்லப்பட்ட கால்நடைகள், அழிக்கப்பட்ட சோளப்பயிர் ஆகியவற்றுக்கு ஈடு கேட்பதும் அவர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது. வறுமையில் முதுமையை எதிர்நோக்கும் பெண்ணுக்குப் பணம் அற்பமானதன்று.

இங்கே ஒரு முரண்பாடு வெளிப்பட்டது. சட்டமும் ஆதரவு அமைப்புகளும் பாலியல் வன்முறையை முதன்மைப்படுத்தின. பெண்களின் விளக்கத்திலோ அது, நிலப்பறிப்பு, இனவெறுப்பு, கணவரை இழந்த பின் வந்த தனிமை, பசி, ஊராரின் ஏச்சு ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்து கிடந்தது. ஓர் இழையை மட்டும் உருவி எடுத்தால் துணியின் வடிவம் புலப்படாது என்பது போன்றது இது. பாலியல் வன்முறை பற்றிய மௌனத்தை உடைக்க எடுத்த முயற்சியே, பிற இழப்புகளை மறைக்கும் மற்றொரு மௌனத்தை உருவாக்கக் கூடும் என்று இவ்வாய்வு எச்சரிக்கிறது.

அறநெறிச் சிக்கல்கள்

மீண்டும் காயப்படல்: கொடிய நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்வது அதனை மீண்டும் அனுபவிப்பதாக அமையலாம். ஆணைக்குழு, தீர்ப்பாயம், ஈடுசெய் அலுவலகம், நீதிமன்றம், ஆய்வாளர் என்று ஒரே பெண்ணிடம் பலமுறை கேட்கப்படுகிறது. நடந்ததை மீண்டும் விவரிக்கச் சொல்லாமல், அதன் பின்னான வாழ்வையும் நீதி பற்றிய கருத்துக்களையும் கேட்பது இதற்கு ஒரு மாற்று வழி ஆகும்.

ஒப்புதல்: ஆய்வின் தொடக்கத்தில் ஒரு தாளில் பெறும் கையொப்பம் போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை இருக்க வேண்டும்.

மறைவடக்கம்: சிறு ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் ஆளை மறைக்க இயலாது. மறுபுறம், தம் பெயர் நூலில் வர வேண்டும் என்று விரும்பும் பெண்களும் உள்ளனர். சஹூல் நூல் கூட்டுப் பெயரில் வெளியானதை இதற்கு ஒரு தீர்வாகக் கொள்ளலாம்.

பலன்: ஆய்வாளருக்கு நூலும் பதவி உயர்வும் கிடைக்கின்றன. பெண்களுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி எழுகிறது. ஆய்வு முடிந்த பின்னும் உறவு தொடர வேண்டும் என்பது இம்முறையியலின் எதிர்பார்ப்பு.

விமர்சனங்கள்

பில் குக், உமா கோத்தாரி ஆகியோர் தொகுத்து 2001 இல் வெளியான கட்டுரைத் தொகுப்பு, "பங்கேற்பு" என்ற சொல் பல வளர்ச்சித் திட்டங்களில் ஏற்கனவே எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு ஒப்புதல் முத்திரை பெறும் சடங்காக மாறிவிட்டது என்று விமர்சித்தது. மாவோரி அறிஞர் லிண்டா துகிவாய் ஸ்மித் 1999 இல் வெளியிட்ட நூலில், பழங்குடியினர் பார்வையில் "ஆய்வு" என்ற சொல்லே குடியேற்றவாதத்தோடு பிணைந்த ஒன்று என்று சுட்டிக்காட்டினார். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த வெள்ளையினப் பெண்கள் மாயாப் பெண்களிடையே ஆய்வு செய்வது இவ்விமர்சனத்துக்கு நேரடியாக உட்படும். லைக்ஸும் கிராஸ்பியும் தம் எழுத்துக்களில் இதனை ஏற்று விவாதித்துள்ளனர்.

சிறு எண்ணிக்கையிலான பெண்களுடன் நடக்கும் ஆய்வில் இருந்து பொது முடிவுகளைப் பெற இயலாது என்பது மற்றொரு விமர்சனம். எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்ற கேள்விக்கு இம்முறை விடை தராது. அதற்கு ஆணைக்குழுவின் புள்ளிவிவரங்களே தேவை. பாதிப்பு என்பது அவர்களுக்கு என்ன பொருள் தருகிறது, நீதி என்று எதனை ஏற்பார்கள் என்ற கேள்விகளுக்குப் புள்ளிவிவரம் விடை தராது. ஆகவே இரு வகை ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

பெண்கள் சேர்ந்து பேசுவதும் வரைவதும் மட்டும் நிலத்தையோ காணாமற் போனவரையோ மீட்டுத் தந்துவிடாது. செப்பூர் சார்க்கோ மக்களின் நிலக் கோரிக்கை, 1982 இல் அவர்களது கணவர்கள் காணாமல் ஆக்கப்படக் காரணமாக இருந்த அதே கோரிக்கை, தீர்ப்புக்குப் பின்னும் தீர்க்கப்படாமல் நின்றது. ஆய்வு எதனைச் செய்ய முடியும், எதனைச் செய்ய முடியாது என்பதற்கு இது ஓர் அளவுகோலாக விளங்குகிறது.

இவற்றையும் பார்க்க

- பங்கேற்புச் செயலாய்வு
- விடுதலை உளவியல்
- ஒடுக்கப்பட்டோர் அரங்கு
- குவாத்தமாலா உள்நாட்டுப் போர்
- மாயா மக்கள்
- நிலைமாறுகால நீதி